நாடிழந்தோரும் நுழைவனுமதியும்: கவுனஸ் நகர், 1940

ஒருவர் தம் நாட்டிலிருந்து பிறநாடொன்றுக்குச் செல்ல விரும்பின், தம் அரசு வழங்கிய கடவுச்சீட்டுடன் தம் நாட்டிலுள்ள அப்பிறநாட்டுப் பிரதிநிதியை அணுகி விசா பெறுதல் வழக்கமான முறையாகும். எளியதாகத் தோன்றும் இம்முறை மூன்று எடுகோள்களின்மேல் நிற்கின்றது. விண்ணப்பிப்பவருக்கென ஒரு நாடு உண்டு என்பது முதலாவது. அந்நாடு அவரைத் தன்னவர் என ஏற்கும் என்பது இரண்டாவது. பயணம் முடிந்ததும் அவர் அந்நாட்டுக்கே திரும்புவார் அல்லது திருப்பி அனுப்பப்படலாம் என்பது மூன்றாவது. விண்ணப்பிப்பவர் தம் நாட்டுக்கு வெளியே, மூன்றாவது நாடொன்றில் நின்று விசா கோரும்போது இம்மூன்று எடுகோள்களும் ஐயத்துக்கு உள்ளாகின்றன. அவருடைய நாடே நிலப்படத்திலிருந்து துடைக்கப்பட்டிருப்பின் அவை முற்றாகத் தகர்ந்துவிடுகின்றன.

இந்நிலை வரலாற்றில் மிகக் கூர்மையாக வெளிப்பட்ட இடங்களுள் ஒன்று லித்துவேனியாவின் கவுனஸ் நகரம். காலம் 1940ஆம் ஆண்டின் கோடை. போலந்துக் குடிகளான யூத அகதிகள், போலந்துக்கு வெளியே, தாம் ஒருபோதும் கண்டிராத நாடுகளுக்கான அனுமதியை அங்கு தேடினர். அந்நிகழ்ச்சி பெரும்பாலும் தனியொரு யப்பானிய அதிகாரியின் கருணைக் கதையாகவே சொல்லப்பட்டு வந்துள்ளது. அக்கருணையை மறுப்பதற்கில்லை. ஆயின் அதனை ஆவணங்களின் வரலாறாகவும் நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்கும்போதே தனிமனிதர் செய்தது எத்தகையது என்பதும், அதன் எல்லை எது என்பதும் தெளிவாகும்.

விசா முறையின் தோற்றம்

இன்று இயல்பானதாகக் கருதப்படும் கடவுச்சீட்டு, விசா முறை அத்துணைப் பழமையானதன்று. முதலாம் உலகப் போருக்கு முந்திய பல்லாண்டுகளில், இரசியப் பேரரசு, துருக்கியப் பேரரசு போன்ற சிலவற்றைத் தவிர, ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடவுச்சீட்டின்றியே பயணஞ் செய்ய முடிந்தது. 1914இல் போர் மூண்டதும் ஒற்றர் அச்சமும் படைக்கு ஆட்சேர்க்கும் தேவையும் அரசுகளை எல்லைகளில் காவலிடச் செய்தன. போர்க்காலத்துக்கெனக் கொணரப்பட்ட கட்டுப்பாடு போரின் பின்னும் நீங்கவில்லை. 1920இல் சர்வதேச சங்கத்தின் ஆதரவில் பாரிசிற் கூடிய மாநாடு, கடவுச்சீட்டு 32 பக்கங்களைக் கொண்ட ஒரே மாதிரியான சிறு புத்தகமாக அமைய வேண்டுமென விதந்துரைத்தது. கட்டுப்பாட்டை ஒழிக்கும் விருப்பம் பேசப்பட்டதாயினும், அதனைச் சீர்செய்து நிலைநிறுத்தியதே விளைவாயிற்று.

இதே காலத்திலேயே நாடற்றோர் என்ற பெருந்தொகையினரும் தோன்றினர். 1921 டிசம்பரில் சோவியத் அரசு, புரட்சியின்பின் நாட்டைவிட்டு வெளியேறியோரிற் பெருந்தொகையினரின் குடியுரிமையைப் பறித்தது. அவர்களிடம் இருந்த பழைய பேரரசின் தாள்களை எந்த எல்லையும் மதிக்கவில்லை. சர்வதேச சங்கத்தின் அகதிகள் உயர் ஆணையாளராக விளங்கிய நோர்வேக்காரர் பிரித்யோவ் நான்சென் 1922இல் ஒரு சான்றிதழை ஏற்பாடு செய்தார். ‘நான்சென் கடவுச்சீட்டு’ என வழங்கிய அத்தாள் முதலில் இரசிய அகதிகளுக்கும், 1924இல் ஆர்மீனியருக்கும் கிடைத்தது. அதன் பயன் பெரிதெனினும், தொடக்கத்தில் ஒரு முக்கிய குறை அதில் இருந்தது. அதனை வழங்கிய நாட்டுக்கு மீண்டும் திரும்பும் உரிமையை அது தரவில்லை. எனவே பிறநாட்டுக் கொன்சல்கள் அதன்மேல் விசா பொறிக்கத் தயங்கினர். உள்ளே விட்டபின் வெளியேற்ற முடியாத ஒருவரை எந்த அரசும் விரும்புவதில்லை.

விசா வழங்கும் அதிகாரியின் உள்ளத்தில் எழும் முதல் வினாவை இதிலிருந்து அறியலாம். ‘நீர் ஏன் வருகிறீர்?’ என்பதிலும் ‘நீர் எங்குத் திரும்புவீர்?’ என்பதே அவருக்கு முதன்மையானது. சொந்த நாட்டிலிருந்தோ நிரந்தரமாக வாழும் நாட்டிலிருந்தோ விண்ணப்பிக்குமாறு பிறநாட்டாரை அலுவலகங்கள் திருப்பி அனுப்புவதன் அடிப்படையும் இதுவே.

குடியுரிமை கழலுதல்

1930களின் இறுதியில் மத்திய ஐரோப்பிய அரசுகள் கடவுச்சீட்டைத் தம் குடிகளுக்கு எதிரான கருவியாகவே கையாண்டன. 1938 மார்ச்சில், வெளிநாட்டில் ஐந்தாண்டுகளுக்கு மேல் தங்கியோரின் குடியுரிமையைப் பறிக்க வழிசெய்யும் சட்டமொன்றைப் போலந்து இயற்றியது. ஒஸ்திரியா ஜேர்மனியுடன் இணைக்கப்பட்டதும், அங்கு வாழ்ந்த போலந்து யூதர் திரளாகத் திரும்பிவிடுவர் என்ற அச்சமே இதற்குக் காரணம். அதே ஆண்டு ஒக்டோபர் 5ஆந் திகதி ஜேர்மனி தன் யூதக் குடிகளின் கடவுச்சீட்டுகளைச் செல்லாதனவாக்கியது. சிவப்பு நிற ‘ஜே’ எழுத்துப் பொறிக்கப்பட்ட பின்னரே அவை மீண்டும் செல்லுபடியாயின. அம்மாத இறுதியில், தன் நாட்டில் வாழ்ந்த போலந்து யூதர் ஏறத்தாழ 17,000 பேரைப் பிடித்துப் போலந்து எல்லைக்கு அது துரத்தியது. அவர்களுட் பல்லாயிரவர் உள்ளே அனுமதிக்கப்படாது ஸ்பொன்சின் என்னும் எல்லை ஊரில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தனர். இரு நாடுகளுக்கு நடுவே ஒரு மனிதத் திரள் எவர்க்கும் உரியதன்றிப் போயிற்று.

1939 செப்டெம்பர் 1ஆந் திகதி ஜேர்மனியும், 17ஆந் திகதி சோவியத் ஒன்றியமும் போலந்துக்குட் புகுந்தன. ஒக்டோபரிற் சோவியத் ஒன்றியம் வில்னியஸ் நகரை லித்துவேனியாவுக்குக் கொடுத்தது. அப்போது நடுநிலை நாடாயிருந்த லித்துவேனியாவை நோக்கிப் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட போலந்து யூதர் சென்றனர். வணிகரும் எழுத்தாளரும் அரசியற் கட்சியினரும் அவர்களிடையே இருந்தனர். யெஷிவா எனப்படும் சமயக் கல்விக்கூடங்கள் சில, ஆசிரியரும் மாணவருமாக முழுமையாகவே இடம்பெயர்ந்தன. மீர் யெஷிவா அவற்றுள் பெயர்பெற்றது.

இவர்களின் கையிலிருந்த ஆவணங்கள் பலவகைப்பட்டன. சிலரிடம் போலந்துக் கடவுச்சீட்டு இருந்தது. சிலரிடம் போலந்தின் நலன்களைக் கவனித்த பிரித்தானியப் பிரதிநிதியகம் வழங்கிய தற்காலிகத் தாள் இருந்தது. வேறு சிலரிடம் லித்துவேனிய அரசின் பயணத் தாள் மட்டுமே இருந்தது. போலந்து அரசு முதலிற் பிரான்சிலும் பின்னர் இலண்டனிலும் புகலிட அரசாக இயங்கியது. ஆகவே சட்டநோக்கில் இவர்கள் நாடற்றோர் அல்லர். ஆயினும் திரும்பிச் செல்ல ஒரு நாடு இவர்களுக்கு இருக்கவில்லை. இந்நிலையில் 1940 யூன் 15ஆந் திகதி சோவியத் படைகள் லித்துவேனியாவைக் கைப்பற்றின. அயல்நாட்டுக் கொன்சல் அலுவலகங்களை ஓகஸ்ட் மாதத்துள் மூடுமாறு பணிப்பு வந்தது.

சங்கிலியின் முதற் கணு

தப்பிச் செல்லும் பாதை ஒன்றே எஞ்சியிருந்தது. மேற்கே ஜேர்மனி, வடக்கே போர் சூழ்ந்த கடல். கிழக்கே சோவியத் ஒன்றியத்தைக் குறுக்கறுத்து விளாடிவொஸ்டொக் சென்று, அங்கிருந்து கப்பலில் யப்பானை அடைந்து, யப்பானிலிருந்து வேறொரு நாட்டுக்குப் போவதே அப்பாதை. இதற்குத் தேவையான அனுமதிகள் ஒன்றையொன்று பற்றிய சங்கிலியாக அமைந்திருந்தன. சோவியத் அரசின் வெளியேற்ற அனுமதிக்கு யப்பானிய இடைவழி விசா வேண்டும். யப்பானிய இடைவழி விசாவுக்கு இறுதியாகச் சேரும் நாட்டின் அனுமதி வேண்டும். இறுதி நாட்டின் அனுமதியோ எவருக்கும் கிடைப்பதாயில்லை.

ஐக்கிய அமெரிக்காவை எடுத்துக்கொண்டால், அதன் குடிவரவு ஒதுக்கீடு விண்ணப்பதாரரின் குடியுரிமையையோ அவர் நிற்கும் இடத்தையோ பாராது, பிறந்த நாட்டையே கணக்கில் எடுத்தது. போலந்திற் பிறந்தோர்க்கென ஆண்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்த எண்ணிக்கை 6,524. எங்கு ஓடினாலும் ஒருவர் தம் பிறப்பிடத்தின் நீண்ட வரிசையிலேயே நின்றார். மேலும் 1940 யூனிலிருந்து அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் கொன்சல்களைக் கொண்டு விசா வழங்கலைத் தாமதப்படுத்தும் போக்கை மேற்கொண்டது. பலத்தீனத்துக்குச் செல்லும் வழியைப் பிரித்தானியாவின் 1939ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கை ஒடுக்கியிருந்தது.

இச்சங்கிலியின் முதற் கணு எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. போலந்துக்காரரை மணந்ததாற் போலந்துக் குடியாகியிருந்த, பிறப்பால் ஒல்லாந்தரான பெஸ்லா லெவின் என்பார், றீகா நகரிலிருந்த ஒல்லாந்துத் தூதுவர் டி டெக்கரிடம் ஒல்லாந்துக் குடியேற்ற நாடொன்றுக்கு விசா கேட்டெழுதினார். மேற்கிந்தியாவிலிருந்த குரசாவோ, சுரினாம் ஆகிய இடங்களுக்கு விசா தேவையில்லை. கரையிறங்கும் அனுமதியை ஆங்குள்ள ஆளுநர் மட்டுமே வழங்கலாம் என்பது விதி. நடைமுறையில் ஆளுநர்கள் அதனை அரிதாகவே வழங்கினர். விதியின் முற்பகுதியை மட்டும் எழுதிப் பிற்பகுதியை விட்டுவிடலாகாதா என லெவின் வேண்டினார். தூதுவர் இணங்கினார். 1940 யூலை 11ஆந் திகதி அவ்வரைவாக்கம் அவருடைய கடவுச்சீட்டில் எழுதப்பட்டது.

எழுதப்பட்டதில் ஒரு சொல்லும் பொய்யன்று. ஆயினும் அது முழு உண்மையுமன்று. விசா தேவையில்லை என்னும் குறிப்பே விசாவின் பணியைச் செய்தது. ஆட்சியியல் மொழியில் ஒரு பாதி வாக்கியத்தை எழுதாதுவிடுதல் எத்தகைய ஆற்றலுடையது என்பதற்கு இதனினும் தக்க எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது.

கவுனசில் ஒல்லாந்தின் கௌரவ கொன்சலாக 1940 யூனிற் பொறுப்பேற்ற யான் ஸ்வார்ட்டென்டைக், இராஜதந்திர சேவையைச் சேர்ந்தவரல்லர். பிலிப்ஸ் வானொலி நிறுவனத்தின் லித்துவேனியப் பிரதிநிதி. அவருடைய சொந்த நாடும் அதற்கு முந்திய மாதமே ஜேர்மனியிடம் வீழ்ந்திருந்தது. லெவினின் குறிப்பைப் பார்த்து அதனையே அவர் குடும்பத்தாருக்கு எழுதிக்கொடுத்தார். டெல்ஸ் யெஷிவாவிற் கற்ற நத்தான் குட்விர்த் என்ற ஒல்லாந்து மாணவர் வழியாகவும் ஏனையோர் வழியாகவும் செய்தி பரவியது. யூலை 24ஆந் திகதி தொடக்கம், லித்துவேனியா சோவியத் ஒன்றியத்துடன் முறைப்படி இணைக்கப்பட்ட ஓகஸ்ட் 3ஆந் திகதி வரையுள்ள சில நாள்களில், அவர் 2,000க்கும் மேற்பட்ட குறிப்புகளை எழுதினார். முதலிற் கையாலும் பின்னர் இறப்பர் முத்திரையாலும் அவை பொறிக்கப்பட்டன.

இடைவழி விசா

இரண்டாங் கணு யப்பானியக் கொன்சல் அலுவலகத்தில் இருந்தது. 1939இன் பிற்பகுதியிற் கவுனசுக்கு வந்த துணைக்கொன்சல் சியூனே சுகிஹாரா, இரசிய மொழியில் வல்லவர். மஞ்சூரியாவின் ஹார்பின் நகரிற் பயின்று பணியாற்றியவர். ஜேர்மனிய, சோவியத் படை நகர்வுகளை நோக்கி அறிவிப்பதே அவருக்கு இடப்பட்ட உண்மையான பணி. விசா விண்ணப்பங்கள் அவ்வலுவலகத்திற்கு அதற்குமுன் பெரிதும் வந்ததில்லை. யூலை இறுதியில் அகதிகள் அதன் வாயிலிற் கூட்டமாக நின்றனர்.

ரோக்கியோவின் விதி தெளிவானது. இறுதி நாட்டுக்கான நுழைவு ஒழுங்குகளை நிறைவுசெய்தவரும், பயணத்துக்கும் யப்பானில் தங்குவதற்கும் போதிய பணமுடையவருமே இடைவழி விசா பெறலாம். குரசாவோ குறிப்பு முதல் நிபந்தனையை ஒருவாறு நிறைவேற்றியது. அக்குறிப்பு இல்லாதோர்க்கும் பணமில்லாதோர்க்கும்கூடச் சுகிஹாரா விசா வழங்கினார். பெரும்பாலானவை யூலைப் பிற்பகுதி முதல் ஓகஸ்ட் இறுதிவரை எழுதப்பட்டவை. ஓகஸ்ட் நடுப்பகுதியில் வெளிநாட்டமைச்சர் மற்சுவோக்கா அனுப்பிய தந்தி, கவுனஸ் விசாவுடன் வந்திறங்குவோர் பலரிடம் பணமோ இறுதி நாட்டின் அனுமதியோ இல்லை எனக் குறைகூறியது.

சுகிஹாரா தந்த விளக்கம் ஆழ்ந்து நோக்கற்பாலது. விண்ணப்பிப்போரின் இறுதி நாடுகளுக்குரிய பிரதிநிதிகள் அண்மையில் எவரும் இல்லை. யப்பானிய அலுவலகமும் மூடப்படவிருக்கின்றது. விளாடிவொஸ்டொக்கிற் கப்பலேறுமுன் இறுதி நாட்டின் அனுமதியையும் யப்பானிலிருந்து செல்லும் கப்பற் பதிவையும் பெற்றுவிட வேண்டுமென்ற நிபந்தனையோடேயே விசா வழங்கப்பட்டது. அவ்வாறு பெறாதோரை ஆங்கே தடுக்கலாம் என்பது அதன் சாரம். விதியை மீறினேன் என அவர் அவ்விளக்கத்தில் எழுதவில்லை. விதி கேட்ட சோதனையை ஆயிரக்கணக்கான கல் தொலைவுக்கும் பல மாதங்களுக்கும் அப்பால் அவர் தள்ளிவைத்தார். அந்தக் கால இடைவெளியே உயிர் பிழைப்பதற்கான வெளியாயிற்று.

அவர் பின்னர் ரோக்கியோவுக்கு அனுப்பிய பட்டியலில் 2,139 பெயர்கள் உள்ளன. ஒரு விசாவில் மனைவி மக்களும் அடங்கியதுண்டு என்பதால், 6,000 பேர் எனப் பெருக்கிச் சொல்லும் வழக்கம் பரவியுள்ளது. ஆயின் விசா பெற்ற எல்லோரும் புறப்படவில்லை. புறப்பட்டோரிற் பலர் தனியரான மாணவர். எனவே வழங்கப்பட்ட விசாக்களின் தொகையையும் காப்பாற்றப்பட்டோரின் தொகையையும் ஒன்றாகக் கொள்ளல் பொருந்தாது. எண்ணைக் கூட்டுவதால் அச்செயலின் பெருமை கூடுவதுமில்லை, குறைப்பதாற் குறைவதுமில்லை.

அந்நியராயிருந்ததன் பயன்

மூன்றாங் கணுவான சோவியத் வெளியேற்ற அனுமதியே பலரும் அஞ்சியது. அதனைக் கேட்டு விண்ணப்பிப்பதே சைபீரியாவுக்கு நாடுகடத்தப்படக் காரணமாகலாம் எனக் கருதித் தயங்கியோர் பலர். எதிர்பார்ப்புக்கு மாறாக, 1940இன் பிற்பகுதியிலும் 1941இன் தொடக்கத்திலும் சோவியத் அதிகாரிகள் அனுமதி வழங்கினர். பயணக் கட்டணத்தை இன்ரூரிஸ்ட் என்னும் அரச பயண நிறுவனத்துக்கு அமெரிக்க டொலரிற் செலுத்த வேண்டியிருந்தது. தனியார் டொலர் வைத்திருப்பது குற்றமாயிருந்த ஒரு நாட்டில் அரச நிறுவனமே டொலர் கேட்டமை விந்தையே. அமெரிக்க யூத உதவி அமைப்புகளும் வெளிநாட்டு உறவினரும் பலருக்குப் பணம் அனுப்பினர்.

இங்கு ஒரு முரண் தோன்றுகின்றது. லித்துவேனியாவிலேயே பிறந்து வளர்ந்த யூதர், இணைப்பின் விளைவாகச் சோவியத் குடிகளாயினர். சோவியத் குடிக்கு நாட்டைவிட்டுச் செல்லும் வழி பெரும்பாலும் அடைபட்டது. போலந்திலிருந்து வந்த அகதியோ இன்னும் அந்நியராகவே கருதப்பட்டமையால் வெளியேற விண்ணப்பிக்க முடிந்தது. பின்னர் அவ்வகதிகளையும் சோவியத் குடியுரிமையை ஏற்குமாறு வற்புறுத்தினர். ஏற்றால் வெளியேற இயலாது, மறுத்தால் நாடுகடத்தப்படலாம் என்ற இக்கட்டு எழுந்தது. குடியுரிமை பாதுகாப்பையும் அந்நியராயிருத்தல் ஆபத்தையும் தரும் என்பதே பொதுவான எண்ணம். கவுனசில் 1940இல் அது தலைகீழாயிற்று. தம் குடியுரிமை நாட்டுக்கு வெளியே நின்றமையே சிலருக்கு உயிர் தந்தது. சொந்த மண்ணில் நின்றமையே வேறு சிலருக்கு உயிரைப் பறித்தது. 1941 யூன் 22ஆந் திகதி ஜேர்மனி சோவியத் ஒன்றியத்தைத் தாக்கியது. அதன்பின் லித்துவேனியாவிலிருந்த யூதரிற் பத்தில் ஒன்பது பங்கினருக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்.

யப்பானும் ஷங்காயும்

விளாடிவொஸ்டொக்கிலிருந்து கப்பலேறியோர் யப்பானின் மேற்குக் கரையிலுள்ள சுருகா துறைமுகத்தில் இறங்கிக் கோபே நகருக்குச் சென்றனர். அங்கிருந்த சிறு யூத சமூகம் அவர்களுக்கு உணவும் உறைவிடமும் தேடிக்கொடுத்தது. போலந்து, லித்துவேனிய யூதர் ஏறத்தாழ 2,000 பேர் இவ்வாறு யப்பானை அடைந்தனர். தள்ளிவைக்கப்பட்ட சோதனை இப்போது அவர்களை எதிர்கொண்டது. 1941 மார்ச்சில் இறுதி நாட்டின் குறிப்பு இல்லாத எழுபதுக்கும் மேற்பட்டோர் சுருகாவில் இறங்க அனுமதிக்கப்படாது விளாடிவொஸ்டொக்குக்கே திருப்பப்பட்டனர். கோபேயிலிருந்த ஒல்லாந்துக் கொன்சல் டி வூக்ட் குரசாவோ குறிப்புகளை வழங்க முன்வந்த பின்னரே அவர்கள் மீண்டும் வந்து கரையேறினர். கவுனசில் எழுதப்பட்ட அதே அரை வாக்கியம் இரண்டாம் முறையும் உதவிற்று.

சில நாள்களே தங்கலாம் எனக் கொடுக்கப்பட்ட இடைவழி விசா பல மாதங்களுக்கு நீட்டப்பட்டது. எபிரேய மொழியறிஞரான யப்பானியர் செற்சுசோ கொற்சுஜி இதற்காக அதிகாரிகளிடம் மன்றாடினார். ரோக்கியோவிலிருந்த போலந்துத் தூதுவர் ததேயுஸ் ரோமர் தம் நாட்டினருக்குக் கடவுச்சீட்டுகளை வழங்கியும் புதுப்பித்தும், பல நாடுகளின் விசாக்களைத் தேடிக்கொடுத்தும் உதவினார். மண்ணில் ஓர் அடியும் இல்லாத அரசு, தூதரகம் ஒன்று திறந்திருந்தமையாற் கடல்கடந்த தன் குடிகளுக்கு இன்னும் அரசாகவே விளங்கியது. அத்தூதரகம் 1941 ஒக்டோபரில் மூடப்பட்டது.

வேறு நாட்டுக்கு விசா பெறாத ஏறத்தாழ 1,000 பேரை யப்பான் 1941இற் ஷங்காய்க்கு அனுப்பியது. அந்நகரின் சர்வதேசக் குடியிருப்பில் 1930களின் பிற்பகுதியில் விசாவின்றி இறங்க முடிந்தமையால், ஜேர்மனியிலிருந்தும் ஒஸ்திரியாவிலிருந்தும் பல்லாயிரவர் அங்கு முன்னரே சேர்ந்திருந்தனர். இக்கதையின் கசப்பான திருப்பம் ஒன்று அங்கு நிகழ்ந்தது. 1943 பெப்ரவரியில், 1937க்குப் பின் வந்த ‘நாடற்ற அகதிகள்’ யாவரும் ஹொங்கியூ என்னும் குறித்த பகுதியிலேயே வாழ வேண்டும் என யப்பானியப் படையதிகாரிகள் ஆணையிட்டனர். தாம் நாடற்றோரல்லர், புகலிட அரசையுடைய போலந்தின் குடிகள் எனப் போலந்து யூதர் வாதிட்டனர். அவ்வாதம் ஏற்கப்படவில்லை. அவர்களுடைய கடவுச்சீட்டின்மேல் முன்னர் விசா பொறித்ததும் யப்பானே; பின்னர் அக்கடவுச்சீட்டின் நாடே இல்லை எனக் கூறியதும் யப்பானே. நெருக்கடியும் வறுமையும் நோயும் சூழ்ந்த அவ்வாழ்க்கையைத் தாங்கி அவர்களிற் பெரும்பாலோர் போரின் முடிவைக் கண்டனர். குரசாவோவை எவரும் நாடிச் சென்றிலர். அத்தீவு அவர்களுக்குத் தாளில் மட்டுமே இருந்த நாடு.

மதிப்பீடு

இவ்வரலாறு சில உண்மைகளை உணர்த்துகின்றது.

முதலாவதாக, விசா என்பது ஒரு நாட்டின் வாயிலைத் திறக்கும் திறவுகோல் மட்டுமன்று. ஏனைய ஆவணங்களைப் பற்றிய ஒரு வாக்குறுதியுமாகும். கவுனசில் எழுதப்பட்ட எந்தக் குறிப்பும் தன்னளவில் எவரையும் காப்பாற்றவில்லை. அடுத்த கணுவைத் தாங்கும் வலிமையே ஒவ்வொன்றினதும் பயனாக இருந்தது. அவற்றுள் மிகப் பலவீனமானது, எங்கும் கொண்டுசெல்லாத குரசாவோ குறிப்பே. ஆயினும் அதுவன்றி ஏனையவை கோக்கப்பட்டிரா.

இரண்டாவதாக, இச்செயல் தனியொருவரது அன்று. பாதி வாக்கியத்தைக் கேட்க அறிந்த ஒரு பெண், எழுத இணங்கிய தூதுவர், அதனைப் படியெடுத்த வானொலி நிறுவனப் பிரதிநிதி, அதன்மேல் இடைவழி விசா பொறித்த துணைக்கொன்சல், பயணப் பணம் திரட்டியோர், கோபேயில் உணவிட்டோர் எனப் பலர் இதிற் பங்குகொண்டனர். அகதிகளும் கருணைக்காகக் கைகட்டி நின்றோரல்லர்; விதிகளைக் கற்று, அவற்றின் இடைவெளிகளைத் தேடி, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தவர் அவர்களே. சோவியத் அரசு எக்கணக்கில் அனுமதித்ததாயினும், அவ்வனுமதியும் இச்சங்கிலியின் பகுதியே.

மூன்றாவதாக, அலுவலகத்தில் அமர்ந்திருப்பவரின் பொறுப்புப் பற்றியது. விதி என்பது அதிகாரியின் கையிற் கருவியாகலாம். அவர் ஒளிந்துகொள்ளும் திரையுமாகலாம். அதே கோடையில் ஐரோப்பாவெங்கணும் எண்ணற்ற கொன்சல்கள் அதே வகையான விதிகளைப் படித்து, ‘ஆவணம் போதாது’ என எழுதிக் கோப்பை மூடினர். அவர்கள் கொடியோரல்லர், ஒழுங்காகப் பணிசெய்தவர்கள். ஒழுங்கான பணியே கொலைக்குத் துணைபோகும் காலமும் உண்டு என்பதை அவர்கள் உணரவில்லை. சுகிஹாரா 1947இல் நாடு திரும்பியதும் வெளிநாட்டுச் சேவையை விட்டு நீங்க நேர்ந்தது. யெருசலேமிலுள்ள யாட் வஷேம் அவரை 1984இற் கௌரவித்தது. 1986இல் அவர் மறைந்தார். 1976இல் மறைந்த ஸ்வார்ட்டென்டைக்குக்கு அக்கௌரவம் 1997இலேயே கிட்டியது.

போரின்பின் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, தன் நாட்டிற் சட்டபூர்வமாகத் தங்கியுள்ள அகதிக்குப் பயண ஆவணம் வழங்கும் கடமையை உறுப்பு நாடுகள்மேற் சுமத்தியது. வழங்கிய நாட்டுக்குத் திரும்பும் உரிமையும் அவ்வாவணத்தோடு சேர்க்கப்பட்டது. நான்சென் தாளின் குறையிலிருந்தும் 1930களின் துயரங்களிலிருந்தும் உலகம் ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டதை இது காட்டுகின்றது. ஆயினும் அவ்வாவணத்தின்மேல் விசா பொறிப்பதா இல்லையா என்பது இன்றும் பிற நாடுகளின் விருப்பமாகவே உள்ளது. தம் நாட்டைவிட்டு வெளியேறும் உரிமை எவர்க்கும் உண்டென 1948ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பிரகடனம் கூறுகின்றது. வேறொரு நாட்டுக்குள் நுழையும் உரிமையை அது கூறவில்லை.

இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வெளியிலேயே கவுனசில் நின்ற மக்கள் நின்றனர். வெளியேறும் உரிமை சட்டத்திலும், நுழையும் உரிமை பிறர் மனத்திலும் இருக்கும்வரை, எழுதுகோலைக் கையிலேந்தி மேசைக்கு அப்பால் இருப்பவர் எத்தகையவர் என்பது உயிர்களைத் தீர்மானிக்கும் வினாவாகவே நீடிக்கும்.